பழைய மேளச் சமாப் பதிவுகள்: எந்தத் தரவிறக்கத்துக்குக் காசு கொடுக்கலாம்?

கோயில் வீதிகளில் அந்தக் காலத்தில் பதிவான மேளக் கச்சேரிகள் இன்று யாழ்ப்பாணத்தில் மூன்று வழியாகக் கைக்கு வருகின்றன. கடையில் பென் ட்ரைவில் நிரப்பித் தருவது ஒன்று. யூரியூப் இன்னொன்று. பான்ட்காம்ப், இன்ரநெற் ஆர்கைவ் போன்ற தளங்களில் இருந்து கோப்பாகவே இறக்கிக்கொள்வது மூன்றாவது. மூன்றிலும் ஒரே சமா கிடைக்கலாம். ஆனால் காதில் விழும் தவில் ஒன்றல்ல.

முடிவை முதலே சொல்லிவிடலாம். காசு கொடுப்பதென்றால் மூன்றாவது வழிக்குக் கொடுங்கள். அதுவும் ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) கோப்பாக இருந்து, கசெற் ரேப்பின் இரைச்சலைத் துடைக்காமல் விட்டிருந்தால் மாத்திரம். "கிளீன் பண்ணியது" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

ஏனென்றால் தவில்தான் இந்தப் பதிவுகளுக்கு உரைகல். அதன் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும்போது ஒவ்வொரு சொல்லின், அதாவது அடியின், முனையும் கண நேரத்தில் எழுந்து அடங்குகிறது. இடப்பக்கமான தொப்பியில் பூவரசங் கழியின் அடி வேறு. அந்த முனையின் கூர்மையும் கைத்தாளத்தின் கிணுகிணுப்பும் மேல்ஸ்தாயி அதிர்வெண்களில் இருக்கின்றன. கசெற்றின் "ஸ்ஸ்" இரைச்சலும் அங்கேதான் குடியிருக்கிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு இரண்டையும் முழுதாகப் பிரித்தறியத் தெரியாது. இரைச்சலோடு சேர்த்து விரலின் முனையையும் அரித்துவிடும். அதனால் அரைச் சொல்லும் கால் சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டி, தவில் மெத்தையில் அடித்ததுபோலக் கேட்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல இடம் உண்டு. தீர்மானம் என்ற முடிப்பு அடிகள் முடிந்து எல்லாரும் நிறுத்தும் கணத்தைத் தேடிக் கேளுங்கள். தாளத்தின் ஒலி மெல்ல மெல்ல மறைந்தால் பதிவு பிழைத்திருக்கிறது. ஒலி திடீரென அறுந்தாலோ, தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல நெளிந்தாலோ யாரோ துடைத்திருக்கிறார்கள். ஓடாசிற்றி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளின் இரைச்சல் நீக்கியை 12 டெசிபலில் வைக்க வேண்டாம். மேளத்துக்கு அது மிக அதிகம். செய்யத்தான் வேண்டும் என்றால் 6க்கு மேல் போகக்கூடாது. கோயில் மணி, கச்சான் விற்பவரின் குரல், சனத்தின் ஆரவாரம் ஆகியவற்றை அகற்ற முயலவே கூடாது. வாசிப்பவர் எந்த வெளியில் நின்று வாசித்தார் என்பதற்கு அவைதான் சாட்சி.

பென் ட்ரைவ் விடயம் கெதியாக முடியும். பெரும்பாலும் 128 கிலோபிற் எம்பி3. அதுவும் ஒரு முறை சுருக்கியதைத் திரும்பத் திரும்பச் சுருக்கியது. சிலவற்றில் "320" என்று போட்டிருக்கும். நம்புவதற்கு முன் ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். கசெற் இசை 12, 13 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் அதிகம் போகாது, ஆனால் ரேப்பின் இரைச்சல் அதற்கு மேலும் மெல்லியதாகப் பரந்து நிற்கும். அந்த இரைச்சல் 16 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நின்றால், கோப்பின் பெயர் என்னவாக இருந்தாலும் அது பெரும்பாலும் 128 எம்பி3இல் இருந்து ஊதிப் பெருப்பித்தது. ஃபிளாக் என்று விற்கப்படுவதிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். வான் வண்டியில் பயணம் போகும்போது கேட்கப் பென் ட்ரைவ் போதும், சேர்த்து வைக்க அல்ல.

யூரியூப்பில் ஒலி ஏறத்தாழ 128 முதல் 160 கிலோபிற்றுக்குள் வருகிறது. எங்கே என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கிருந்து எடுத்து 320 ஆக மாற்றினால் கோப்பின் அளவு கூடும், ஒலி கூடாது.

ஃபிளாக் சுருக்கினாலும் எதையும் இழக்காது. 90 நிமிடக் கசெற் ஒன்றை 16 பிற், 44.1 கிலோஹேர்ட்ஸில் எடுத்தால் சுருக்காத வேவ் (WAV) கோப்பு 950 மெகாபைற் வரும். ஃபிளாக் அதில் ஏறத்தாழப் பாதி. 320 எம்பி3 என்றால் 216 மெகாபைற். 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் வேவ் 3.1 கிகாபைற்றைத் தாண்டும். கேட்பதற்கு அந்தப் பெரிய கோப்பு தேவையில்லை. கசெற்றின் ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையிலான வீச்சே 50, 60 டெசிபல்தான். 16 பிற் 96 டெசிபலைத் தாங்கும். ஆவணமாக வைப்பது வேறு கதை. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான இயாசா ஆகக் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் என்கிறது, 96ஐ விரும்புகிறது. பின்னாளில் ஒருவர் திருத்த வந்தால் அந்த இடைவெளி கைகொடுக்கும்.

தொடர்ச்சியிலும் ஃபிளாக்தான் நல்லது. எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சிறு வெறுமை சேர்கிறது. மல்லாரி முடிந்த கையோடு ஆலாபனை தொடங்கும் இடத்தில் துண்டாக்கியிருந்தால், எல்லாக் கருவியும் அந்த வெறுமையைத் தாண்டாது. நாதஸ்வரம் ஒரு கணம் மூச்சடைத்துத் திரும்பும்.

இனிக் கோப்பு வகையைவிட முக்கியமானது: வேகம். விற்பனைக்கு வரும் பதிவுகளில் ஆகக் கூடுதலாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான். பாரி நாதஸ்வரம் வழக்கமாக 2 கட்டை அல்லது 2½ கட்டைச் சுருதியில் நிற்கும். ரேப் 6 சதவீதம் வேகமாக ஓடினால் 2 கட்டை 2½ ஆகிவிடும். இரண்டும் அந்த வாத்தியத்துக்கு இயல்பான சுருதி என்பதால் காது பிழையைப் பிடிக்காது. வாசிப்பு நல்ல துடிப்பு என்றுதான் தோன்றும். தவில் வித்துவானின் விரல் வேகத்தை வியந்துகொண்டிருப்போம். அந்த வியப்பில் ஒரு பங்கு றெக்கோடரின் பற்றரிக்குப் போகவேண்டியது. பற்றரி இறங்க இறங்க றெக்கோடர் மெதுவாகப் பதியும். அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி நிமிடத்துக்கு நிமிடம் மேலே ஏறும். மாறாக, இன்று ஓட்டும் கசெற் டெக்கின் பெல்ற் தளர்ந்திருந்தால் எல்லாம் கீழே இறங்கிச் சோர்ந்து கேட்கும்.

வேகத்தைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அம்பிளிஃபயரில் இருந்து வயர் போட்டு எடுத்த பதிவில் அந்த உறுமல் மெல்லியதாகப் பதிந்திருக்கும். ஓடாசிற்றியில் வாசிப்பு இல்லாத அரை நிமிடத்தைத் தெரிந்தெடுத்து, அலைமாலை வரைபடத்தை (Plot Spectrum) 65536 அளவில் போடுங்கள். அப்போது முக்கால் ஹேர்ட்ஸுக்கும் குறைந்த வித்தியாசம்கூடத் தெரியும். உறுமல் 53 ஹேர்ட்ஸில் நின்றால் ரேப் 6 சதவீதம் வேகம். வேகத்தை 0.943 மடங்காக்கினால் சரி. சுருதியை மட்டும் மாற்றும் கருவியைத் தொடவேண்டாம். சுருதியும் காலமும் சேர்ந்தே மாறவேண்டும். சரியாக 50இல் இன்னொரு கோடு தெரிந்தால் குழம்ப வேண்டாம், அது இன்றைய டெக்கின் உறுமல்.

1990களின் முதற் பாதிப் பதிவுகளில் இந்த வழி ஏமாற்றும். மின்சாரம் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட காலம் அது. கோயிலில் ஜெனறேற்றர் ஓடியிருந்தால் அதன் 50 ஓரிடத்தில் நில்லாமல் ஏறி இறங்கும். அங்கே அதே வித்துவானின் வேகம் உறுதியான வேறொரு பதிவோடு சுருதியை ஒப்பிடுவதுதான் வழி.

அடுத்தது, ரேப்பைத் தொட்டு வாசிக்கும் டெக்கின் தலை சரிந்து நிற்பது. கசெற்றைப் பதிந்த தலையும் ஓட்டும் தலையும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் மேல்ஸ்தாயி மங்கும். மோனோப் பதிவை ஸ்ரீரியோ டெக்கில் ஓட்டும்போது ஒரு பக்கம் மற்றதைவிட 50 மைக்ரோசெக்கன் பிந்தினாலே போதும், இரண்டையும் சேர்க்கையில் 10 கிலோஹேர்ட்ஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். வாங்கிய கோப்பை மோனோவாக்கிக் கேளுங்கள். தாளம் சட்டென்று மங்கினால், மாற்றியவர் தலைக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியைத் தொடவே இல்லை என்று அர்த்தம். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஓரளவு தேறும். டொல்பி என்ற இரைச்சல் குறைப்பு முறை இல்லாமல் பதிந்ததை டொல்பி பொத்தானை அமத்தி ஓட்டினாலும் இதே மங்கல் வரும். இன்னொரு முறை ஓட்டி எடுப்பதைத் தவிர அதற்கு மருந்தில்லை.

சில குறைகள் பதிந்த அன்றே வந்தவை, அதற்காக விற்பவரைக் குறைசொல்ல முடியாது. சிறிய றெக்கோடர்களின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு தவிலின் ஒவ்வொரு பெரிய அடிக்கும் நாதஸ்வரத்தை அமத்தி, பிறகு மேலே இழுக்கும். லவுட்ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்து எடுத்ததில் தொப்பியின் கீழ் ஒலி இருக்கவே இருக்காது. நாதஸ்வரம் மைக்கைத் திணறடித்துக் கரகரத்த இடமும் அப்படியே. சுருண்ட ரேப்பில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்வதால், முதல் அடிக்குச் சற்று முன்பே அதன் நிழல் மெல்லக் கேட்பதும் உண்டு. இவற்றைச் சகித்துக் கேட்கலாம். 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்புக்கு இனிப் புதிய பதிவு வரப்போவதில்லை. மங்கிய பிரதியானாலும் அதில் விரல் கேட்டால் போதும்.

சகிக்கக் கூடாதது விபரம் இல்லாமல் விற்பது. "மேளம் 07" என்ற பெயரோடு வரும் கோப்பு பாதி செத்த கோப்பு. எந்தக் கோயில், எந்த ஆண்டு, எத்தனையாம் திருவிழா, நாதஸ்வரம் யார், தவில் யார், மூலம் ரீலா கசெற்றா, எத்தனையாவது பிரதி, எந்த டெக்கில் ஓட்டியது, வேகம் திருத்தப்பட்டதா? இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். 45ஆவது நிமிடத்தில் சைட் மாற்றியபோது தனி ஆவர்த்தனத்தில் எவ்வளவு போனது என்பதையும் எழுதவேண்டும். அந்த வெட்டை மறைத்து ஒட்டிவிட்டால் கணக்கு வைத்துக் கேட்பவர் தாளத்தைத் தவறவிட்டு, பிழை தன்னுடையது என்று நினைப்பார்.

பான்ட்காம்ப்பில் ஒருமுறை வாங்கினால் எம்பி3, ஃபிளாக், வேவ் என்று வேண்டிய வகையில் இறக்கலாம். இன்ரநெற் ஆர்கைவ் இலவசம். ஏற்றியவர் ஃபிளாக் போட்டிருந்தால் தளமே எம்பி3ஐயும் உண்டாக்கி வைக்கும், ஆகவே பட்டியலில் மூலக்கோப்பு எது என்று பார்த்து இறக்குங்கள். இறக்கி முடிந்ததும் ஃபூபார்2000 என்ற மென்பொருளில் கோப்பைச் சரிபார்க்கலாம். ஃபிளாக்குக்குள் அதன் கைரேகை பதிந்திருப்பதால், இணைப்பு இடையில் அறுந்து பழுதானால் அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டில் உள்ள கசெற்றைக் கடையில் கொடுத்து மாற்றுவிப்பவர்கள் இரண்டு கோப்புக் கேட்டு வாங்குங்கள்: எதுவும் செய்யாமல் எடுத்த 24 பிற் கோப்பு ஒன்று, திருத்தியது ஒன்று. முதலாவதைத் தர மறுக்கும் கடைக்குக் கசெற்றைக் கொடுக்காதீர்கள். ரேப்பில் பூஞ்சணம் வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டிப் பார்க்கவே கூடாது; அது தலையில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் போகும். ரேப்பைத் தலையோடு அணைக்கும் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால், ரேப்பைக் கவனமாக வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். 120 நிமிடக் கசெற்றின் ரேப் 9 மைக்ரோன் தடிப்பே. அதை வேகமாகச் சுற்றினால் இழுபடும், சாதாரண வேகத்திலேயே ஓடவிடுங்கள். கடைக்குக் கொண்டுபோக முன் கசெற்றின் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். கை தவறி றெக்கோர்ட் பொத்தான் அமர்ந்தாலும் அழியாது.