மாந்தையில் தொடங்கி மடுவில் முடியும் ஒரு நாள் யாத்திரை: ஒரு மதிப்பீடு

வவுனியா நகரிலிருந்து மருதமடு அன்னையின் திருத்தலத்துக்கு வழிகாட்டியுடன் ஒரு நாள் யாத்திரை நடத்தும் சிறிய பயண ஏற்பாட்டாளர் ஒருவரின் சேவையை, ஆடித் திருவிழா முடிந்து ஆவணித் திருவிழாவுக்கான சனம் திரளத் தொடங்குவதற்கு முன், மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பயன்படுத்தினோம். மடுவுக்குப் போக வன்னியில் வாழும் எவருக்கும் வழிகாட்டி தேவையில்லை என்பதே இங்குள்ள பொதுவான எண்ணம். மன்னார் பேருந்தில் ஏறி மடுச் சந்தியில் இறங்கலாம். புகையிரதத்தில் மடு வீதி நிலையம்வரை போகலாம். பங்கிலிருந்து புறப்படும் பாதயாத்திரையில் சேர்ந்து நடந்தும் போகலாம். அப்படியிருக்க வழிகாட்டிக்குக் காசு கொடுப்பது ஏன் என்று எங்கள் வீட்டிலேயே கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு இந்தப் பயணத்தின் முற்பகல் தெளிவான பதிலைத் தந்தது. பிற்பகல் அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பூவரசங்குளம் வழியாகப் பறையனாலங்குளத்தை அடைந்து மன்னார் வீதியில் ஏறிய மினிபஸ், மடுச் சந்தியில் திரும்பாமல் நேரே சென்றது. பின்னிருக்கையில் இருந்த சிலர் முணுமுணுத்தார்கள். வழிகாட்டி எழுந்து நின்று, அன்னை நடந்த வழியில் நாமும் போவோம், அன்னை புறப்பட்ட இடம் மாந்தை என்று தமிழிலும் பின்னர் சிங்களத்திலும் சொன்னார். வென்னப்புவையிலிருந்து வந்த ஒரு குடும்பமும் எங்களோடு இருந்ததால் நாள் முழுவதும் அவர் இரண்டு மொழிகளிலும் பேசினார். ஒன்றில் சொன்னதை மற்றதில் சுருக்கிவிடாமல் பேசிய அந்தக் கவனத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

முருங்கனைக் கடந்து, பெரும்போகத்துக்காகக் காய்ந்து கிடந்த கட்டுக்கரைக் குளத்து வயல்வெளிகளினூடாகச் சென்று, திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் மாந்தையில் இறங்கினோம். இன்று அங்கே லூர்து அன்னையின் ஆலயம் இருக்கிறது. அதன் முன்றலில் வைத்து வழிகாட்டி சொன்ன வரலாறே இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி. 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறின. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஆலயங்கள் பறிபோயின. 1670 அளவில் மாந்தையில் வாழ்ந்த இருபது குடும்பங்கள் தங்கள் ஆலயத்திலிருந்த அன்னையின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு, ஒல்லாந்தரின் அதிகாரம் எட்டாத காட்டை நோக்கிப் புறப்பட்டு மருதமடுவில் குடியேறின என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. யாழ்ப்பாணத்திலிருந்து அதே காரணத்துக்காக வன்னிக் காட்டுக்குள் வந்த இன்னொரு பகுதியினரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 1687 இல் கோவாவிலிருந்து மறைவாக வந்து சேர்ந்த யோசவ் வாஸ் அடிகளார், குருவற்றுக் கிடந்த இந்த மக்களைத் தேடித் தேடிச் சென்றவர். ஊர் ஊராக அவர் மாறுவேடத்தில் திரிந்ததை வழிகாட்டி விரிவாகச் சொன்னபோது, வெயிலையும் மறந்து பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

மடுவுக்குப் பல வருடங்களாகப் போய்வரும் மாமிகூட மாந்தையில் இறங்கி நின்றது அன்றுதான். சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை, அதே தூரத்தைக் குளிரூட்டிய வாகனத்தில் திரும்பிக் கடக்கும்போதுதான் உடம்பு உணர்ந்தது. மடுவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குக் கிடைக்காதது இது. ஏற்பாட்டாளர் வேறெதைச் செய்யாவிட்டாலும், மாந்தையை முதலில் வைத்ததற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மதிய உணவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேர்த்தி வைத்து விரதம் இருப்பவர்களை எண்ணி எல்லோருக்கும் மரக்கறிச் சோறு தந்தார்கள். சுத்தமாகவும் போதுமானதாகவும் இருந்தது. தண்ணீர்ப் போத்தல்களும் தாராளமாக இருந்தன. வாகனம் புதியது, சாரதி நிதானமானவர்.

குறை தொடங்கியது உணவுக்கு முன்னர். மாந்தையிலிருந்து நேரே மடுவுக்குத் திரும்பாமல், பாலத்தைத் தாண்டி மன்னார்த் தீவுக்குள் சென்று, கோட்டையையும் பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் காட்டினார்கள். இரண்டும் பார்க்கத்தக்கவைதாம். ஆனால் யாத்திரைக்கென்று வந்தவர்களின் நேரத்தை அவற்றுக்குக் கொடுப்பது பொருத்தமில்லை. தீவுக்குள் போவதென்றே முடிவெடுத்திருந்தால் தோட்டவெளிக்குப் போயிருக்க வேண்டும். 1544 இல் யாழ்ப்பாண அரசனின் கட்டளையால் தங்கள் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மன்னார்க் கிறிஸ்தவர்களின் நினைவாக அங்கே வேதசாட்சிகளின் அரசி ஆலயம் இருக்கிறது. மாந்தையில் சொல்லப்பட்ட கதைக்கு முந்திய அத்தியாயம் அதுவே. அதை விட்டுவிட்டு மரத்தின் முன் நின்று படம் எடுக்க நேரம் ஒதுக்கியது எனக்குப் பெரும் மனக்குறை.

மடுச் சந்தியில் திரும்பி, இருபுறமும் காடு நெருங்கிய வீதியில் உள்ளே போனோம். ஆலய வளவை அடைந்ததும் வழிகாட்டி எல்லோரையும் மர நிழலில் இருத்தி, சொல்ல வேண்டியதையெல்லாம் வெளியிலேயே சொல்லி முடித்தார். இப்போதிருக்கும் ஆலயத்தின் பணிகளை யாழ்ப்பாண ஆயராக இருந்த பொஞ்சீன் ஆண்டகை 1872 இல் தொடக்கினார். முகப்பும் லூர்து கெபியும் பின்னர் எழுந்தன. 1924 ஜூலை 2 ஆம் திகதி திருத்தந்தையின் பிரதிநிதி அன்னைக்கு முடிசூட்டினார். 1944 இல் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. முடிசூட்டு விழாவின் நூற்றாண்டு 2024 இல் நிறைவுற்றதையும் குறிப்பிட்டார். பிறகு, உள்ளே தான் எதுவும் பேசப்போவதில்லை என்றும் அவரவர் விரும்பியபடி செபிக்கலாம் என்றும் கூறி வாசலில் ஒதுங்கி நின்றார். வழிகாட்டிகள் பலரும் பீடத்தின் முன்னால் நின்று உரத்த குரலில் விளக்கம் சொல்லிச் செபிக்கிறவர்களைக் குழப்புவதைப் பல திருத்தலங்களில் கண்டிருக்கிறோம். இவர் நடந்துகொண்ட முறையை மற்றவர்களும் பின்பற்ற வேண்டும்.

பீடத்தில் உயரத்தில் வீற்றிருக்கும் அந்தச் சிறிய சொரூபத்தை அண்ணாந்து பார்த்தபடி மாமி நெடுநேரம் முழந்தாளில் இருந்தார். வெளியே வந்ததும், "தம்பி, மண் எடுக்கிற இடத்துக்கு என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்று வழிகாட்டியைக் கேட்டார். "வாங்கோ அம்மா, மெல்லமா நடப்பம்" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றார் அவர். பாம்புக்கடிக்கு மடு மண் காப்பு என்பது எங்கள் ஊர்களில் சமய பேதமின்றி நிலவும் நம்பிக்கை. வயலிலும் காட்டிலும் வேலை செய்கிறவர்களின் வீடுகளில் அந்த மண் சிறு பொட்டலமாக இருக்கும். அந்த நம்பிக்கையை மதித்துப் பேசிய வழிகாட்டி, பாம்பு கடித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். சொல்ல வேண்டிய வார்த்தை அது.

இத்தனை நுணுக்கமாக நடந்துகொண்டவர், போர்க் காலத்தை மட்டும் ஒரே வசனத்தில் கடந்துபோனார். யுத்தத்தின்போது ஆலயம் சேதமடைந்தது, பின்னர் திருத்தப்பட்டது என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. 1990 இல் தொடங்கி ஆயிரக்கணக்கான இடம்பெயர்ந்த குடும்பங்கள் இந்த வளவில்தான் கொட்டில் போட்டு வாழ்ந்தன. 1999 நவம்பர் 20 ஆம் திகதி அடைக்கலம் தேடி வந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை ஆலயத்தை நெருங்கியபோது, குருக்கள் அன்னையின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டி ஆலயத்துக்குச் சென்றார்கள்; அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில்தான் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. மாந்தையிலிருந்து 1670 இல் நடந்த இடப்பெயர்வை அவ்வளவு உருக்கமாகச் சொன்னவர், எங்கள் கண்முன்னே நடந்த இடப்பெயர்வைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. அன்னையும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவள் என்ற எண்ணத்தோடுதான் வன்னிச் சனம் மடுவுக்கு வருகிறது. அதைச் சொல்லாத விளக்கம் எத்தனை ஆண்டுகளைப் பட்டியலிட்டாலும் நிறைவு பெறாது.

இரு மொழிக் குழு என்பதால் எவர் மனதும் புண்படக்கூடாது என்று அவர் தயங்கியிருக்கலாம். அந்தத் தயக்கம் தேவையற்றது என்பதற்கு அங்கேயே சாட்சி கிடைத்தது. மாமி தான் அந்த வளவில் அகதியாக இருந்த காலத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வென்னப்புவையிலிருந்து வந்த அம்மா அருகில் வந்து இருந்து, மகனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கடைசிவரை கேட்டார். எத்தனை பேர் இருந்தீர்கள், எங்கே சமைத்தீர்கள், மழைக்கு என்ன செய்தீர்கள் என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கும்பிடும் தலம் இது. 2015 இல் தைப்பொங்கலுக்கு முதல் நாள், கொழும்பில் யோசவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திவிட்டு அன்று பிற்பகலே மடுவுக்கு வந்த திருத்தந்தை பிரான்சிஸ், இரு தரப்பிலும் உறவுகளை இழந்தவர்கள் கூடியிருந்த முன்றலில்தான் செபித்தார். உண்மையைச் சொல்லித் துயரைப் பகிர்வதற்கு இதைவிடத் தகுந்த இடம் வேறெது?

மடுவில் எங்களுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. மன்னார் நகரில் செலவழித்ததை இங்கே ஈடுகட்டினார்கள். வெயில் தாழ்ந்தபின் ஆலய முன்றலில் அமர்ந்து செபமாலை சொல்வதுதான் மடு யாத்திரையின் உயிர். அதற்கு முன்பே வாகனத்தின் ஹோர்ன் அடித்துவிட்டது. முதியவர்களுடன் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வளவு பரந்தது, வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து மலசலகூடம்வரை நடக்க வேண்டியிருக்கிறது. குடையும் மடிக்கக்கூடிய கதிரையும் கொண்டுபோவது நல்லது. ஏற்பாட்டாளரிடம் அவை இல்லை. இலட்சக்கணக்கானோர் கூடும் ஆவணித் திருவிழாக் காலத்தில் இந்த ஒரு நாள் திட்டம் சரிவராது. அந்த நாட்களில் காட்டோரம் கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கிவரும் பழைய வழக்கமே பொருத்தம்.

பயணத்தின் முடிவில் தந்த கருத்துப் படிவத்தில் நான் எழுதியது இதுதான். கோட்டையையும் பெருக்கமரத்தையும் நீக்கிவிட்டு இரண்டு நாள் யாத்திரை ஒன்றை ஒழுங்கு செய்யுங்கள். முதல் நாள் தோட்டவெளி, மாந்தை, பின்னர் மடு. இரவு மடுவிலேயே தங்கல். மறுநாள் பூநகரிப் பாதையில் வடக்கே போய்த் தேவன்பிட்டி ஆலயத்தில் இறங்கி, சொரூபம் அங்கே இருந்த மாதங்களைப் பற்றிச் சொல்லுங்கள். முடியுமானால் அந்த ஊரவர் ஒருவரையே பேச விடுங்கள். அங்கிருந்து வெள்ளாங்குளம், மாங்குளம் வழியாக ஏ-9 வீதிக்கு வந்துவிடலாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்து வருகிறவர்களை மாங்குளத்திலேயே இறக்கிவிட்டால், அவர்கள் வவுனியாவரை போய்த் திரும்ப வேண்டிய அலைச்சலும் இல்லை.