கீசரிலிருந்து சோலாருக்கு: கருவி நன்று, பொருத்திய பணி சுமார்

கோவையில் உள்ள எங்கள் மாடி வீட்டில் வெந்நீருக்குக் கீசரையே நம்பியிருந்த நிலையை மாற்றி, 200 லிட்டர் கொள்ளளவுள்ள கண்ணாடிக் குழாய் வகை சோலார் வாட்டர் ஹீட்டரை மொட்டை மாடியில் பொருத்தியிருக்கிறோம். ஒரு முழுக் கோடையையும் ஐப்பசி மழையையும் அது கடந்துவிட்டது. கருவியைக் குறித்து எனக்கு நிறைவே. பொருத்தித் தந்த நிறுவனத்தின் பணியைக் குறித்து அப்படிச் சொல்ல முடியவில்லை.

100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். நாள்தோறும் அவ்வளவு வெந்நீர் செலவாகும் வீட்டில், இரண்டு மாத மின்கணக்கில் 240 யூனிட் இதற்கே போய்விடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், அந்த எல்லையை ஒட்டியிருக்கும் குடும்பங்களுக்குச் சோலாரால் கிடைக்கும் மிச்சம் இன்னும் கூடுதலாக இருக்கும்.

இவ்வகைக் கருவியில் பம்பு கிடையாது. இரட்டைச் சுவருள்ள கண்ணாடிக் குழாயில் சூடாகும் நீர் தானாகவே மேலேறித் தொட்டியில் சேர்கிறது. அத்தொட்டிக்குக் குளிர்ந்த நீர் இறங்க வேண்டுமானால், வீட்டின் தண்ணீர்த் தொட்டி அதைவிட உயரத்தில் இருந்தாக வேண்டும். இடத்தைப் பார்வையிட வந்தவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொருத்தும் நாளன்றுதான், தொட்டியை உயர்த்தத் தனியாக இரும்பு ஸ்டாண்டு வேண்டும் என்று கூடுதல் தொகை கேட்டார்கள். வெந்நீர்க் குழாய்க்கு மேல் சுற்ற வேண்டிய வெப்பக்காப்பு உறையும் விலைப்பட்டியலில் இல்லை. மாடியிலிருந்து கீழ்க் குளியலறைக்கு 15 மீட்டர் தூரம் முக்கால் அங்குலக் குழாய் போனால், வெந்நீர் வருமுன் சுமார் 4 லிட்டர் ஆறிய நீரை வடித்தாக வேண்டும் என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை.

அவர்கள் செய்த ஒன்றைப் பாராட்டத்தான் வேண்டும். பழைய கீசரைக் கழற்றி எறியாமல், சோலார் நீர் அதன் வழியாகவும் அதைத் தவிர்த்தும் வருமாறு வால்வுகள் வைத்துத் தந்தார்கள். மேகமூட்டமான நாளில் சோலார் தொட்டிக்குள் இருக்கும் மின் சூடேற்றி 200 லிட்டரையும் சூடாக்க முனையும். கீசரோ தனக்குள் இருக்கும் 15 லிட்டரை மட்டுமே சூடாக்கும். கோடையில், கொதிக்கக் கொதிக்க வரும் நீர் கீசருக்குள் போகாதபடி வால்வைத் திருப்பிவிடுகிறோம்.

தண்ணீர் விஷயத்தில்தான் கோவைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். குழாயில் வரும் சிறுவாணிக் குடிநீருக்கு ஒரு தொட்டி, உப்பு மிகுந்த போர் (ஆழ்துளைக் கிணற்று) நீருக்கு ஒரு தொட்டி என்று பல வீடுகளில் இருக்கும். அருகில் இருக்கிறது என்பதற்காகப் போர்த் தொட்டியிலேயே இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் கண்ணாடிக் குழாய்களின் அடியில் வெள்ளை உப்பு படிந்தது. கண்ணாடிக் குழாய்க்குப் பதில் தட்டையான தகடு வெயிலை வாங்கும் தகட்டு வகைக் கருவியாக இருந்திருந்தால் அதன் மெல்லிய செம்புக் குழாய்களே அடைத்துக்கொண்டிருக்கும். பிறகு இணைப்பைச் சிறுவாணித் தொட்டிக்கு மாற்றிக்கொண்டோம்.

உப்பை அகற்ற வந்த பணியாளர் உச்சி வெயிலில் குழாய்களைக் காலி செய்து, உடனே குளிர்ந்த நீரை நிரப்பத் தொடங்கினார். காய்ந்திருக்கும் கண்ணாடி அப்படி விரிசல் விட்டுவிடும் என்பதால் தடுத்து, மறுநாள் விடியற்காலையில் நிரப்பச் சொன்னோம். ஒரு குழாய் உடைந்தாலும் அதன் வழியே தொட்டி நீர் வடிந்து போகும். ஆகவே குளிர்நீர் வரும் பாதையில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வால்வு இருக்கிறதா என்று, பணம் கொடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.