புது ரவுட்டர் மாட்டியும் 94-ஐத் தாண்டாத வைஃபை: எட்டு மாத அனுபவம்

எங்கள் வீடு மதுரையில், கீழே மூன்று அறை, மாடியில் ஒன்று. 200 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) ஃபைபர் லைன். லைன் கொடுத்தவர்கள் ஹாலில் டிவி பக்கத்தில் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி பெட்டியிலிருந்தே (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) வைஃபையும் வந்துகொண்டிருந்தது. ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் 160, 170 காட்டும், மாடிக்குப் போனால் ஒரு கோடு நிற்பதே பெரிய விஷயம். மனைவிக்கு மாடி அறையில்தான் ஆபீஸ் வேலை, மீட்டிங் நடுவில் தினமும் இரண்டு தடவையாவது துண்டித்துவிடும். அதனால் எட்டு மாதத்துக்கு முன் ஏஎக்ஸ்1500 வகை வைஃபை 6 ரவுட்டர் ஒன்று வாங்கி, ஓஎன்டியிலிருந்து கேபிள் இழுத்து மாடிப்படித் திருப்பத்தில் வைத்தேன்.

மாட்டிய அன்றைக்கே மனசு விட்டுப்போச்சு. ரவுட்டருக்கு இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலும் 93. மறுபடி பார்த்தால் 94. பழைய பெட்டியே 170 கொடுத்த வீட்டில், காசு கொடுத்து வாங்கியது அதில் பாதி! சேனலை (வைஃபை ஓடும் அலைப் பாதையை) மாற்றினேன், ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தேன், ரீசெட் அடித்தேன், ஆன்டெனாவை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன், ஒரு வாரம் இதிலேயே போனது. மச்சான் "திருப்பிக் குடுத்துருங்க மாப்ள, பீஸ் சரியில்ல" என்றார். புகார் கொடுத்தபின் வந்த லைன் தம்பி, என் லேப்டாப்பை ஓஎன்டியில் நேரடியாகக் கேபிளில் மாட்டி 195 காட்டிவிட்டு, "எங்க லைன்ல ஒண்ணும் இல்லண்ணே, உங்க ரவுட்டர பாருங்க" என்று சொல்லிப் போனார். அவர் சொன்னதில் பாதி சரி.

விடை அந்த 93-லேயே இருந்தது, எனக்குத்தான் பிடிபட ஒரு வாரம் ஆனது. வைஃபை வேகம் ஒரு இடத்தில் நிற்காது, கதவைச் சாத்தினாலே மாறும். காலை, ராத்திரி, பக்கத்தில், தள்ளி என்று எப்படிப் பார்த்தாலும் 93, 94 என்றே நிற்கிறது என்றால் மாட்டிக்கொண்டிருப்பது கம்பியில். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் (கேபிள்) இணைப்பில், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் ஒட்டிப் போகும் முகவரி மாதிரியான கூடுதல் தகவலின் செலவு போக நம் கைக்கு வருவது 94 சொச்சம்தான். ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் வான் (WAN) போர்ட், அதாவது ஓஎன்டியிலிருந்து கேபிள் வந்து சேரும் துளையின் நிலவரத்தைத் திறந்தேன், 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது.

ரவுட்டரோடு வந்த கேபிள் ஒரு மீட்டர்கூட இருக்காது, படிக்கட்டுவரை எட்டவில்லை என்று பரணில் கிடந்த பழைய நீலக் கேபிளைப் போட்டிருந்தேன். அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரியான அந்தக் கனெக்டருக்குள் எட்டுக் கம்பியில் ஏழு நுனிவரை போய் முட்டி நின்றது, ஓரத்தில் இருந்த பழுப்பு மட்டும் ஒரு நூல் குறைவாக, பித்தளைப் பல்லுக்கு எட்டாமல் நின்றது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகளே போதும், அதனால் பழைய கனெக்‌ஷனில் இந்தக் குறை வெளியே தெரியவே இல்லை. ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் இரு பக்கமும் பேசி 100-க்கு இறங்கிவிடும். பழைய பெட்டியின் வைஃபைக்கு இந்தக் கேபிளே குறுக்கே இல்லை, அதனால்தான் புது ரவுட்டர் வந்ததும் வேகம் குறைந்த மாதிரித் தெரிந்தது.

அதே லைன் தம்பியைக் கூப்பிட்டேன், கிரிம்பிங் டூலோடு (கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் கருவி) வந்து இரண்டு முனையையும் வெட்டிப் புதுசாகப் போட்டுக் கொடுத்தார். உடனே 188. நீங்கள் புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் போர்ட்டுகள் ஜிகாபிட்டா என்று கட்டாயம் பாருங்கள். விலை குறைந்த ஏசி1200 (முந்தைய தலைமுறை வைஃபை) ரவுட்டர்கள் பலவற்றில் போர்ட்டே 100 தான், அதில் எந்தக் கேபிள் போட்டாலும் ஏறாது. பெட்டிமேல் போட்டிருக்கும் 1500-உம், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 5 ஜிகாஹெர்ட்ஸில் 1201, 2.4-இல் 300 என்று இரண்டையும் கூட்டிச் சொல்லும் கணக்கு, ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும்.

அதோடு முடியவில்லை. எல்லோர் போனிலும் மறுபடி பாஸ்வேர்ட் போட வேண்டாமே என்று பழைய பெட்டிக்கும் புதுசுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தேன். ஹாலில் பழைய பெட்டியைப் பிடித்த போன், மாடிக்கு வந்து ரவுட்டர் பக்கத்திலேயே நின்றாலும் அந்தப் பழைய சிக்னலையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், மனைவியின் மீட்டிங் அப்போதும் அறுந்தது. ஓஎன்டியின் வைஃபையை அணைத்த பிறகுதான் அது நின்றது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் காட்டும் ஸ்மார்ட் கனெக்ட்டையும் நிறுத்தி 2.4, 5 இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன், மனைவியின் லேப்டாப் 5-இல் மட்டும்.

மூன்றாவது மாதம் வேறு தொல்லை. திடீரென்று 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரே காணாமல் போகும், கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வரும். ரவுட்டரின் லாகை (நிகழ்வுப் பதிவு) பார்த்தால் ரேடார் என்று பதிவாகியிருந்தது. சேனலை ஆட்டோவில் விட்டதால் ரவுட்டர் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களுக்குப் போயிருக்கிறது. ரேடார்களும் பயன்படுத்தும் அந்தச் சேனல்களில் ரேடார் சிக்னல் மாதிரி எது பட்டாலும் ரவுட்டர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும், அப்புறம் அதே வகைச் சேனலில் போய் உட்கார வேண்டுமென்றால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே ஒளிபரப்ப முடியும். 36-இல் நிலையாக வைத்துவிட்டேன், ஐந்து மாதமாக ஒரு தடவைகூடப் போகவில்லை. 2.4-க்குத் தெருவில் கூட்டம் அதிகம், அங்கே 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், சேனல் 11.

கரன்ட் போனால் ஓஎன்டி முழுசாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கிறது, இரண்டுக்குமாக ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போட்டதில் அதுவும் தீர்ந்தது.

இப்போது மாடி அறையில் 5-இல் 170-க்குக் குறையாது, கீழ்ப் படுக்கையறையில் 80. பின்கட்டு அடுப்படியில் மட்டும் இன்னும் 2.4 தான், 30 வந்தால் அதிகம், இடையில் இரண்டு சுவரும் ஒரு பீரோவும் நிற்கிறது. அம்மா சீரியல் பார்க்க அது போதும் என்கிறார், எனக்குத்தான் போதவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவை நகர்த்துவோம், அப்போது சுவரோரமாக ஒரு கேட்6 கேபிள் இழுத்து, சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே ஆக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) போடப் போகிறேன்.