கூண்டா, அறையா: வீட்டு ஒலித்தடுப்புக்கு எது ஏற்றது?

குரல் பதிவு வேலையை வீட்டிலிருந்தே செய்வதென்று முடிவானபோது, கைக்கு அடக்கமான செலவில் இரண்டு வழிகள் இருந்தன. பகுதி பகுதியாக வந்து இறங்கும் ஆயத்த ஒலித்தடுப்புக் கூண்டை வாங்கி வீட்டுக்குள் பொருத்திக்கொள்வது ஒன்று. இருக்கும் சிறிய அறையின் கதவையும் ஜன்னலையும் திருத்தி ஒலி கசியாதபடி செய்துகொள்வது மற்றொன்று. ஏழு மாதம் கூண்டில் வேலை செய்துவிட்டு அதை விற்றேன். மூன்று ஆண்டுகளாக அறையில்தான் பதிவு செய்கிறேன். ஆகவே அறையின் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுவரில் ஒட்டும் ஃபோம் பலகைகள் இந்தப் போட்டியிலேயே சேரா. அவை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். அடுத்த அறையின் தொலைக்காட்சிச் சத்தத்தைத் தடுக்கமாட்டா. சத்தத்தைத் தடுப்பவை எடையும், காற்றுப் புகாத அடைப்பும்தான்.

கூண்டுக்கு உள்ள நன்மைகளைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அதை ஒரே நாளில் பொருத்திவிடலாம்; வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம்; வேண்டாமென்றால் விற்கவும் முடியும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி இல்லாதவர்களுக்கு வேறு வழியும் இல்லை. நான் வாங்கிய கூண்டு தடுக்க வேண்டிய பேச்சொலியை ஓரளவு நன்றாகவே தடுத்தது. ஆனாலும் என்னால் அதில் தொடர முடியாமல் போனதற்குக் காரணம் காற்று.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் கொண்ட கூண்டுக்குள் இருப்பது 2,000 லிட்டர் காற்று. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கிறது என்றால், காற்றோட்டமில்லாமல் மூடிய கூண்டில் பத்தே நிமிடத்தில் அது நான்கு மடங்கைத் தாண்டிவிடும். இதனோடு வெப்பமும் சேர்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே ஏறத்தாழ 100 வாட் விளக்கு அளவுக்கு வெப்பம் தருகிறது. மடிக்கணினி தருவது தனி. அரை மணி நேரத்தில் என் கையிலிருந்த தாளின் ஓரம் வியர்வையில் நனைந்து சுருண்டுவிடும். கவனம் தளர்ந்து, ஒரே வரியை மூன்று முறை வாசிப்பேன்.

இதற்குத்தான் கூண்டில் மின்விசிறியும் காற்றுக்குழாயும் வைக்கிறார்கள். ஆனால் காற்று போகும் வழியெல்லாம் ஒலியும் போகும். அதைத் தடுக்கக் குழாயை வளைத்து வளைத்து, உட்புறம் ஒலி உறிஞ்சும் பொருளைப் பதிக்க வேண்டும். வளைவு கூடக் கூடக் காற்றுக் குறையும். காற்றுக் குறைந்தால் விசிறியை வேகமாகச் சுழற்ற வேண்டும். அப்போது விசிறியின் ரீங்காரம் பதிவில் விழும். விலை குறைந்த கூண்டுகளில் சிக்கனம் செய்யப்படும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் என் விசிறியில் தூசி படிந்து சத்தம் கூடியது; விசிறியை நிறுத்திப் பதிவு செய்வதும், கதவைத் திறந்து மூச்சு வாங்குவதுமாக வேலை இரு மடங்கு நேரம் பிடித்தது.

பக்கத்துக்கு மூன்று மீட்டர் உள்ள ஒரு சாதாரண அறையில் 27,000 லிட்டர் காற்று இருக்கிறது. கூண்டில் பத்து நிமிடத்தில் எட்டும் நிலையை, முழுவதும் அடைத்த அந்த அறை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். விசிறியே இல்லாமல் ஒரு மணி நேரம் பதிவு செய்து, பிறகு கதவைச் சற்று நேரம் திறந்துவைத்தால் போதும். எனக்கு இந்த ஒன்றே தீர்ப்பாக அமைந்துவிட்டது.

அறையைத் திருத்துவதில் செலவு பெரும்பாலும் கதவிலும் ஜன்னலிலும்தான். பூசப்பட்ட அரைச்செங்கல் சுவரே 40 டெசிபலுக்கு மேல் தடுக்கும் என்பதால், அத்தகைய வீட்டில் சுவரைத் தொட வேண்டியதில்லை. கதவின் கணக்கு வேறு. 2 மீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கதவுக்கு அடியில் 1 சென்டிமீட்டரும், மற்ற மூன்று பக்கங்களில் 2 மில்லிமீட்டரும் இடுக்கு இருந்தால், மொத்த இடுக்கு கதவின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகும். அந்த ஒரு பங்கு திறந்திருந்தால், கதவு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது.

இரவில் அறைக்குள் விளக்கை அணைத்து, வெளியே பிரகாசமான விளக்கை ஏற்றிவைத்து உள்ளிருந்து கதவைப் பார்த்தால் இடுக்குகள் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். என் கதவில் கீலின் பக்கம் முழுநீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. அதுவரை அப்படி ஓர் இடுக்கு இருப்பதே தெரியாது. உள்ளே கூடாக இருந்த கதவை மாற்றிக் கெட்டியான மரக்கதவு போட்டேன். நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டி, அடியில் கதவை மூடும்போது தானே இறங்கும் பட்டையைப் பொருத்தினேன். ஜன்னலுக்குக் கனமான பலகையை அளவாக வெட்டி, ஓரத்தில் ரப்பர் சுற்றி, வேண்டும்போது செருகி வேண்டாதபோது எடுக்கும்படி வைத்திருக்கிறேன். பராமரிப்பு என்று பார்த்தால், நசுங்கிப்போன ரப்பர் பட்டைகளை இதுவரை ஒரு முறை மாற்றியதுதான்.

குரலுக்கும் வயலின் போன்ற வாத்தியங்களுக்கும்தான் என் அனுபவம் பொருந்தும். டிரம்ஸ், பியானோ ஆகியவற்றின் அதிர்வு தரை வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கும். கதவிடுக்கை எவ்வளவு அடைத்தாலும் அது நிற்காது, தரையிலிருந்து பிரித்து மிதக்கவிடப்பட்ட தளம் வேண்டும். ஒற்றைப் பலகைத் தடுப்புச் சுவர் கொண்ட வீடுகளிலும் அறையின் செலவு கூடிவிடும். அங்கே இரண்டாம் அடுக்குப் பலகையையும், நடுவில் நிரப்பும் ராக்வூலையும் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) கணக்கில் சேர்த்த பிறகே கூண்டின் விலையோடு ஒப்பிட வேண்டும். கூண்டைத்தான் வாங்குவதென்றால், வாங்குமுன் அதன் கதவை மூடி, விசிறியை ஓடவிட்டு, அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.