ஒரே வீட்டில் மழலையர் காப்பகமும் மாலைப் படிப்பகமும்: ஒரு தாயின் மதிப்பீடு

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தை நோக்கிச் செல்லும் சாலையில், பிரதான சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளியிருக்கும் பழைய ஓட்டு வீட்டில் இரண்டு சகோதரிகள் இந்த இடத்தை நடத்துகிறார்கள். காலையில் ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை மூத்தவர் பார்த்துக்கொள்கிறார். மாலையில் அதே கூடத்தில் எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான பிள்ளைகளை இளையவர் உட்கார வைத்துப் படிக்க வைக்கிறார். என் மகளுக்கு இரண்டரை வயது, மகனுக்குப் பதினான்கு. இருவருமே இங்கே வருகிறார்கள். (இந்த வயது இடைவெளியைப் பற்றி உறவினர்கள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள்.) நிறையோடு குறையும் எழுதப்போவதால் வீட்டின் பெயரைத் தவிர்க்கிறேன், மண்டபத்தில் யாரிடம் கேட்டாலும் ‘ரெண்டு அக்கா வீடு’ என்று கையைக் காட்டிவிடுவார்கள். நடை பழகிய குழந்தையை வளர்ப்பது கடினமா, மீசை அரும்பும் பிள்ளையை வளர்ப்பது கடினமா என்று என்னிடம் கேட்பவர்கள் பலர் என்பதால், அந்தக் கேள்வியையும் சேர்த்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் காலைப் பிரிவு. விடியற்காலை ஐந்தரை மணிக்கே கதவு திறந்துவிடுகிறது என்பதுதான் இதன் முதல் சிறப்பு. மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள், பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவர்கள், கருவாடு காயவைக்கிறவர்கள் என இந்தக் கரையில் பெண்களின் வேலை நாள் அலுவலக நேரத்தைப் பார்த்துத் தொடங்குவதில்லை. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியாக ஊருக்கு ஊர் அங்கன்வாடி வந்ததும், சத்துமாவும் முட்டையும் கிடைப்பதும் பெரிய காரியங்கள்; ஆனாலும் அங்கன்வாடி திறப்பதற்கு முன்பும் மூடிய பின்பும் குழந்தை எங்கே இருக்கும் என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. அந்த இடைவெளியைத்தான் இந்த வீடு நிரப்புகிறது. மூத்தவர் அங்கன்வாடியில் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பழக்கம் வீடு முழுவதும் தெரிகிறது. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டு இட்டிருக்கிறார். குளியலறையில் எந்த வாளியும் நிமிர்ந்து நிற்பதில்லை, எல்லாம் கவிழ்த்தே வைக்கப்பட்டிருக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் கடல் இருக்கும் ஊரில் வாளிக்குப் பயப்பட வேண்டுமா என்று நினைக்கத் தோன்றும். தவழும், தத்தித் தத்தி நடக்கும் வயதில் குழந்தையை மூழ்கடிக்க ஒரு சாண் தண்ணீரே போதும், தலை கனமாக இருப்பதால் உள்ளே விழுந்த குழந்தையால் எழவும் முடியாது என்பதை அவர் புதிதாக வரும் ஒவ்வொரு தாயிடமும் சொல்லிவிடுகிறார்.

இந்த வீட்டில் நான் மிகவும் மதிப்பது, அடம் பிடிக்கும் குழந்தையை இவர்கள் கையாளும் விதத்தை. இரண்டு வயதுக் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்பது கருத்தன்று, தான் தனி ஆள் என்று கண்டுபிடித்துவிட்டதன் அறிவிப்பு. அதற்கு வாய்ப்புக் கொடுக்கும் கேள்வியைப் பெரியவர்கள்தாம் கேட்கிறோம். “குளிக்கலாமாடா கண்ணு?” என்று இங்கே யாரும் கேட்பதில்லை. “நீலக் குவளையில தண்ணி ஊத்தவா, செவப்புக் குவளையிலயா?” என்றுதான் ஆயா கேட்கிறார். குளிப்பது முடிவாகிவிட்டது, குவளை மட்டும் குழந்தையின் விருப்பத்துக்கு விடப்படுகிறது. குழந்தை தரையில் விழுந்து புரண்டால், தலை முட்டக்கூடிய பொருள்களை நகர்த்திவிட்டு, “என்னப்பு, கோவமா?” என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அழுகை ஓய்ந்த பிறகு மடியில் எடுத்துக்கொள்வார். அடிப்பதில்லை, பூச்சாண்டி காட்டுவதில்லை, மிட்டாய் கொடுத்து வாயை மூடுவதும் இல்லை. என் மகள் இன்னொரு குழந்தையின் கையைக் கடித்துவிட்ட நாளிலும், கடி வாங்கிய பிள்ளையை முதலில் தூக்கிச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் இவளிடம் வந்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, என் வீட்டில் அந்த வரிசை எப்போதும் தலைகீழாகவே நடக்கும் என்பது நினைவுக்கு வந்தது.

சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், கிடைக்கும் நாளில் காரமில்லாத சுறாப் புட்டு. சுறாவில் முள் கிடையாது என்பதால் பயமின்றி ஊட்டலாம். மதியம் பனையோலைப் பாயில் வரிசையாகத் தூங்க வைக்கிறார்கள். கழிப்பறை சுத்தம். மழைக்காலத்தில் கூடத்தில் ஒரு மூலை ஒழுகுவதைத் தவிரக் காலைப் பிரிவில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. மாலையில் வாட்சப்பில் ஒரு குறிப்பு வரும்: எத்தனை முறை சிறுநீர் போனாள், என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நேரம் தூங்கினாள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று வயதிலிருந்து 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை என்பதால், பகலில் எவ்வளவு தூங்கினாள் என்று தெரிந்தால்தான் இரவில் எப்போது படுக்க வைப்பது என்று என்னால் திட்டமிட முடியும். மிகவும் பயனுள்ள குறிப்பு அது.

மாலைப் பிரிவுக்கும் அதே குறிப்பு வருவதில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. “இன்று இரண்டு முறை எழுந்து வெளியே போனான். கணக்கு நோட்டில் கப்பல் படம் வரைந்தான். முகம் சரியில்லை.” பதினான்கு வயதுப் பையனைப் பற்றி இப்படி ஒரு குறிப்பு தினமும் என் கைக்கு வருகிறது, அது வருகிறது என்பது அவனுக்கும் தெரியும். நுழைவாயிலில் செல்போனை வாங்கிப் பெட்டியில் வைப்பதை நான் ஏற்கிறேன், கண்காணிப்புக் கேமராவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முகம் சரியில்லை என்பதைத் தாய்க்கு எழுதி அனுப்புவதற்கு முன்னால் அவனிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சில வாரங்களில் அவன் கப்பல் வரைவதை நிறுத்திவிட்டான், வீட்டில் பேசுவதையும் குறைத்துக்கொண்டான். இளையவர் நல்ல ஆசிரியர். தொடக்கநிலைக் கணக்கில் தடுமாறும் பிளஸ் ஒன் மாணவனைக்கூட வெட்கப்படுத்தாமல் பின்னுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லித்தரத் தெரிந்தவர். அக்கா காலையில் கையாளும் முறை வெற்றி பெற்றதைப் பார்த்து அதையே மாலைக்கும் நீட்டியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அதிலும், குவளையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இரண்டு வயதுக் குழந்தைக்கு இருக்கும் வீட்டில், எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்ற உரிமை பதினான்கு வயதுப் பையனுக்கு இல்லை.

பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் தேர்வுக்கு முன் நடத்தும் விடியற்காலை நாலரை மணி வகுப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதோடு இந்தப் பருவத்தில் உடலின் உள்கடிகாரமே தாமதமாக ஓடத் தொடங்குவதால், பத்து மணிக்குப் படுக்கச் சொன்னாலும் பலருக்குத் தூக்கம் வராது. சிறு குழந்தையின் பகல் தூக்கத்தை நிமிடக் கணக்கில் குறித்துவைக்கும் ஒரு வீடு, பெரிய பிள்ளையின் தூக்கத்தைச் சோம்பல் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு குறை உண்டு. வகுப்பு எட்டரை வரை நடந்தாலும், இருட்டிவிடும் என்று மாணவிகளை ஏழு மணிக்கே அனுப்பிவிடுகிறார்கள். கட்டணம் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். தெருவிளக்கு எரியாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்றாலும், அந்த ஒன்றரை மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்டலாமே என்று கேட்டிருக்கிறேன்.

பாராட்ட வேண்டிய இடமும் உண்டு. பதினெட்டு வயதாகாதவர் மோட்டார் பைக்கில் வந்தால் உள்ளே விடுவதில்லை, வண்டியை வாசலில் நிறுத்தவும் இடமில்லை. அரிச்சல்முனை வரை நேர்ச்சாலை வந்த பிறகு, அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு தனுஷ்கோடி வரை வேகம் பார்த்துவிட்டு வருவது இங்குள்ள பையன்களின் மாலைப் பொழுதுபோக்காகிவிட்டது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கலாம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. இதைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் வாசித்துக் காட்டுகிறார்கள். அன்று சில தந்தைமார் முகம் மாறியதைப் பார்த்தேன்.

எல்லாவற்றிலும் சிறந்தது சனிக்கிழமை. சகோதரிகளின் தம்பி நாட்டுப்படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர். அன்றைக்குப் பின்வாசலில் ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, வந்தவர்களிடம் ஸ்பேனரைக் கொடுத்துவிடுகிறார். குறிப்பு எழுதுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. “மாமா, இது ஏன் சூடாகுது?” என்று என் மகன் அங்கேதான் கேள்வி கேட்கிறான். விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் கூட வந்தால் கையில் காசு கிடைக்கும் என்று கூப்பிடும் நண்பர்களைப் பற்றியும், எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகுகளைப் பற்றியும், படிப்பை விட்டுவிடலாமா என்று தனக்குத் தோன்றியதைப் பற்றியும் அவன் அந்த மாமாவிடம் பேசியிருக்கிறான். இதை அந்தத் தம்பி எனக்குச் சொல்லவில்லை. மகனே பின்னொரு நாள் சொன்னான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். என் தீர்ப்பு: இந்தக் கரையில் பதின்வயதுப் பிள்ளையை வளர்ப்பதே கடினம். உடல் உழைப்பில் சிறு குழந்தைதான் அதிகம் வாங்குகிறது, சந்தேகமே இல்லை. இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு சூடான தேநீர் குடித்த தாய் யாரும் இருக்க முடியாது. ஆனால் அந்த உழைப்பில் பங்குக்கு ஆள் இருக்கிறது. என் மகளைத் தெருவில் யாரும் தூக்கிக்கொள்வார்கள், சோறு ஊட்டிவிடுவார்கள், அழுதால் வேடிக்கை காட்டுவார்கள். மகனை அதே தெரு பார்க்கிறது, பார்த்ததை என்னிடம் வந்து சொல்கிறது. அதோடு தெருவின் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

அரசின் தடுப்பூசி அட்டையிலும் இதைக் காணலாம். பிறந்த நாளிலிருந்து மகளுடைய பக்கம் நிறைந்து கிடக்கிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் மட்டும் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்க ஊசி எனப் பல கட்டங்கள், ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ சொட்டு. அதற்கெல்லாம் கிராமச் சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து நினைவூட்டுகிறார். பள்ளியில் சேர்ந்த பிறகு ஐந்து, ஆறு வயதில் ஓர் ஊக்க ஊசி. அப்புறம் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் ரணஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசிகள். இரண்டுக்கும் நடுவே ஆறு ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன, என் மகன் இப்போது அங்கேதான் இருக்கிறான். 10 முதல் 19 வயதுள்ளோருக்காக 2014இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆலோசனை உண்டு. மருத்துவமனை வாசலில் நின்றால் சித்தியோ மாமியோ பார்த்துவிடுவார்கள் என்ற ஊரில் ஒரு பையன் தானாக அங்கே போவான் என்று எதிர்பார்க்க முடியாது. 14416 என்ற, மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண்ணை இந்தப் படிப்பகத்தின் சுவரில் எழுதி வைத்திருப்பதை அதனாலேயே பாராட்டுகிறேன். போனில் பேசினால் யாருக்கும் முகம் தெரியாது.

தவறு நடந்தால் திருத்திக்கொள்ளும் தூரமும் வேறுபடுகிறது. மகள் செய்யும் பெரும்பாலான பிழைகள் என் கைக்கெட்டும் தொலைவில் நடக்கின்றன. மகனுடைய பிழை பைக்கிலும் படகிலும் செல்போனிலும் நடக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். அதனால்தான் அந்த வயதுப் பிள்ளைக்குக் கண்காணிப்பைக் கூட்டுவதைவிட, பெற்றோர் அல்லாத, நம்பிக்கையான ஒரு பெரியவரை அவனுக்குத் தேடித் தருவது அவசியம் என்று நினைக்கிறேன். அந்தப் பின்வாசல் எஞ்சின்காரர் செய்துகொண்டிருப்பது அதுதான், அதற்கு அவர்கள் கட்டணமே வாங்குவதில்லை என்பது வேடிக்கை. கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் தோழி ஒருத்தி என்னோடு கடுமையாகச் சண்டை போட்டாள்: “உனக்கு அம்மா இருக்காங்க, அதனால பேசுற. தனியா இருந்து பாரு.” நியாயம்தான். பங்குக்கு ஆள் இல்லாத வீட்டில் என் கணக்கு தலைகீழாகலாம்.

சேர்க்க நினைப்பவர்களுக்கு: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தயங்காமல் சேருங்கள், ஜூன் மாதத்தில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கினால் இடம் கிடைக்காது, மே மாதமே கேட்டுவிடுவது நல்லது. முதல் வாரம் குழந்தையோடு நீங்களும் ஒரு மணி நேரம் உட்கார அனுமதிப்பார்கள். பெரிய பிள்ளைகளுக்கு, பாடத்தில் உதவி தேவைப்பட்டால் மட்டும் மாலைப் பிரிவில் சேருங்கள், விடியற்காலை வகுப்பை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தினக் குறிப்பைப் பற்றி இளையவரிடம் நேரில் பேசினேன். யோசித்துவிட்டு, இனிமேல் வருகையையும் வீட்டுப்பாடத்தையும் மட்டும் அனுப்புவதாகவும், மற்றது எதுவானாலும் முதலில் பிள்ளையிடமே பேசுவதாகவும் ஒப்புக்கொண்டார். இந்த மாதம் அப்படித்தான் வருகிறது. சனிக்கிழமைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, பிள்ளைக்கு அழுக்கானால் பரவாயில்லை என்ற சட்டையைப் போட்டு அனுப்பினால் போதும்.