வீட்டில் சர்க்யூட் போர்டு செய்வதற்கான பிலிம் கிட்: பயன்படுத்திப் பார்த்ததில் கண்டவை

இதுவரை என் சர்க்யூட் போர்டுகளை டோனர் முறையில்தான் செய்துவந்தேன். லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் அச்சிட்டு, செம்புப் பலகையின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தெடுக்கும் அந்த முறை அரை மில்லிமீட்டர் அகலத் தடங்கள் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகள்) வரை தொல்லை தந்ததில்லை. அதற்குக் கீழே இறங்கினால் ஓரிடத்தில் டோனர், அதாவது பிரிண்டரின் மைத்தூள், ஒட்டாமல் விடுபடும், மற்றோரிடத்தில் நசுங்கிப் பக்கத்துத் தடத்தைத் தொட்டுவிடும். கால்கள் 0.65 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமைந்த ஒரு ஐசியை (மின்னணுச் சில்லை) பொருத்த வேண்டியிருந்ததால், ஒளியுணர் பிலிம் கொண்ட கிட் ஒன்றை வாங்கினேன். அதிலிருந்த 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள ஒருபக்கச் செம்புப் பலகைகளை வெட்டி, ஒன்பது போர்டுகள் செய்து பார்த்தாயிற்று.

பிலிமின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. மெல்லிய நீலப் படலத்தின் இருபுறமும் கண்ணாடி போன்ற பாதுகாப்பு உறைகள் இருக்கின்றன. உள்பக்க உறையை உரித்துவிட்டுச் செம்பின் மேல் ஒட்டி, சூடான லேமினேட்டரில் இரண்டு மூன்று முறை செலுத்த வேண்டும். மேலுறையை ஒளி காட்டி முடித்த பிறகே உரிக்க வேண்டும். உறையின் முனை நகத்துக்கு அகப்படாது. மூலையில் இருபுறமும் செலோடேப் ஒட்டி எதிரெதிராக இழுத்தால் சட்டென்று பிரிந்துவிடும். இந்த உபாயம் கிட்டுடன் வந்த குறிப்புத்தாளில் இல்லை. அதைவிட மோசம், மேலுறையைப் பற்றியே அந்தத் தாள் வாய் திறக்கவில்லை என்பது. முதல் போர்டைச் சலவைச் சோடாக் கரைசலில் போட்டு அரை மணி நேரம் ஆட்டிக்கொண்டிருந்தேன்; எதுவும் கரையவில்லை. உறை அப்படியே இருந்தது!

புற ஊதா ஒளி பட்ட இடம் இறுகிக் கரைசலில் நிலைத்து நிற்கும். படாத இடம் கரைந்துபோகும். ஆகவே தடங்கள் தெளிவாகவும் மற்ற பரப்பெல்லாம் கறுப்பாகவும் இருக்கும்படி எதிர்ப்படமாக அச்சிட்டு, மைப்பக்கம் பிலிமைத் தொடும்படி கவிழ்க்க வேண்டும். ஒளி காட்டுவதற்குக் குறிப்புத்தாளில் போட்டிருந்த நேரம் கிட்டிலிருந்த விளக்குக்கே பொருந்தவில்லை. ஒரு துண்டுப் பலகையை அட்டையால் மூடி, இருபது நொடிக்கு ஒருமுறை அட்டையைச் சிறிது நகர்த்தி, எந்தப் பட்டை கரையாமலும் ஓரம் மங்காமலும் நிற்கிறதென்று பார்த்தபின் 0.2 மில்லிமீட்டர் தடங்கள் கூர்மையாக வந்தன. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் சோடா போதும்.

பிலிம் மூடாத செம்பை அரிக்க பெர்ரிக் குளோரைடு கொடுத்திருக்கிறார்கள். வழக்கமான 35 மைக்ரான் கனச் செம்பு, வெதுவெதுப்பான கரைசலில் தட்டை இடைவிடாமல் அசைத்தால் விரைவிலேயே கரைந்துவிடும். செம்பு கலந்த பழைய கரைசல் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதையும், அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதையும் தயாரிப்பாளர் ஒரு வரியிலாவது எழுதியிருக்க வேண்டும்.

கிட்டின் பெருங்குறை துளையிடும் கருவி. கையில் பிடித்து இயக்கும் சிறு மோட்டாருடன் கார்பைடு பிட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தவர், அதைத் தாமே ஒருமுறையும் பயன்படுத்திப் பார்த்திருக்க மாட்டார். கார்பைடு கடினமானது, ஆனால் பக்கவாட்டு விசை சிறிது பட்டாலும் முறிந்துவிடும். என் கையில் 0.8 மில்லிமீட்டர் பிட்டுகள் நான்கு முறிந்தன. டிரில் ஸ்டாண்டு இல்லாதவர்கள் சாதாரண எஃகு பிட்டையே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பேடின் (பாகத்தின் காலை ஒட்டும் செம்புத் திட்டின்) நடுவிலும் சிறு புள்ளியளவு செம்பை அரித்து வைத்தால் பிட் வழுக்காமல் அங்கேயே உட்காரும். கண்ணாடியிழைத் தூள் மூக்கில் ஏறும் என்பதால் முகமூடி கட்டாயம். துளையிட்டுப் பொருத்தும் பாகங்கள் மட்டுமே பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கிட் தேவையில்லை, டோனர் முறையே போதும்.

அந்த ஐசியைப் பொருத்துவது நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. ஒரு மூலைப் பேடில் மட்டும் சால்டர் (பற்றவைக்கும் ஈயம்) வைத்து, சாமணத்தால் ஐசியை நேராக நிறுத்தி அந்தக் காலை உருக்கிப் பிடிக்கவைத்து, எதிர்மூலையையும் பிடித்தபின் சால்டர் நன்றாகப் பரவ உதவும் ஃபிளக்ஸை தாராளமாகத் தடவி மற்ற கால்கள்மேல் சால்டரிங் அயர்னை இழுத்துச் சென்றேன். இரண்டு இடங்களில் கால்கள் ஒட்டிக்கொண்டன. செம்புப் பின்னலை வைத்து உறிஞ்சியதும் பிரிந்தன. தடங்களை மூடுவதற்கென்று தந்திருந்த பச்சைப் பூச்சு பேடுகளின் மேலும் படர்ந்து, ஊசிமுனையால் சுரண்டவைத்தது. மூன்றாவது போர்டிலிருந்து அதைத் தொடுவதில்லை. தடங்களின் மேல் மெல்லியதாகச் சால்டரைப் பூசிவிடுகிறேன்.