முதல் ஃபோட்டானிக் சிப்: கிளீன் ரூமில் நீங்களே செய்வதா, ஃபவுண்ட்ரிக்கு அனுப்புவதா?

சிலிக்கான் சிப்பில் ஒளியைச் செலுத்தும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் துறையில் பிஎச்.டி. சேர்ந்த பலருக்கும் முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: சிப்பைத் தூசியில்லா ஆய்வறையில் (கிளீன் ரூம்) நாமே செய்வதா, சிப் தயாரித்துத் தரும் ஆலைக்கு (ஃபவுண்ட்ரி) அனுப்புவதா? பெரும்பாலும் வழிகாட்டியின் பழக்கமும் ஆய்வகத்தில் இருக்கும் பணமுமே பதில் சொல்லிவிடுகின்றன. ஆனால் அடுத்த சில ஆண்டுகளை எதில் கழிக்கப் போகிறீர்கள் என்பதே இதில்தான் இருக்கிறது. மாணவரும் வாய் திறந்து பேச வேண்டிய விஷயம் இது.

கிளீன் ரூமின் பெரிய பலம் வேகம். இன்று ஒரு வளைய ரெசனேட்டரை (குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் தேக்கும் வளையம்) வரைந்து, இ-பீமில் (எலக்ட்ரான் கற்றை) எழுதி, பிளாஸ்மாவில் எட்ச் செய்து (அரித்தெடுத்து), எல்லாம் ஒத்துழைத்தால் ஓரிரு வாரத்தில் அளந்துவிடலாம். புதிய பொருளைச் சிப்பின் மேல் படியவைத்துப் பார்க்க வேண்டுமானால் வேறு வழியே கிடையாது. தன் கருவிக்குள் அறியாத பொருளை எந்த ஃபவுண்ட்ரியும் விடாது. சொந்த வசதி இல்லாத கல்லூரி மாணவர்களுக்கும் பெங்களூரு ஐஐஎஸ்சி, மும்பை ஐஐடி போன்ற இடங்களின் கிளீன் ரூம்களை மத்திய அரசின் ஐஎன்யூபி (இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டம்) திறந்துவிட்டிருக்கிறது.

ஆனால் "எல்லாம் ஒத்துழைத்தால்" என்பதுதான் கடினம். ஒளி செல்லும் அலைவழிப்பாதை வழக்கமாக 220 நானோமீட்டர் தடிமன், 450 முதல் 500 நானோமீட்டர் அகலம். அகலம் 1 நானோமீட்டர் பிசகினால் ரெசனேட்டர் தேக்கும் ரெசனன்ஸ் அலைநீளமும் ஏறத்தாழ அதே அளவு நகரும். அதே எட்சிங் அறையில் முந்தின நாள் வேறொருவர் வேறு பொருளை எட்ச் செய்திருந்தால் உங்கள் ரெசிப்பி (வாயு, அழுத்தம், நேரம் போன்ற அமைப்புகள்) இன்று வேறு விளைவைத் தரும். ரெசிப்பியைச் சரிசெய்வதிலேயே ஆண்டுகளைச் செலவிட்டு, இயற்பியலைத் தொடவே நேரமில்லாமல் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஃபவுண்ட்ரியில் அந்தக் கவலை இல்லை. பெல்ஜியத்தின் ஐமெக், சிங்கப்பூரின் ஏஎம்எஃப் போன்றவை பலருடைய வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் (சிலிக்கான் வட்டு) சேர்த்துச் செய்வதால், வடிவத்தைப் பதிக்கும் மாஸ்க்கின் செலவு பங்கிடப்படுகிறது. ஒளியை மின்சாரமாக்கும் ஜெர்மானியம் டிடெக்டர், மின்குறியை ஒளியில் ஏற்றும் அதிவேக மாடுலேட்டர் எல்லாம் பிடிகே-யிலேயே (ஃபவுண்ட்ரி தரும் வடிவமைப்புத் தொகுப்பு) தயாராகக் கிடைக்கும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மாணவர் தனியாக இவற்றைச் செய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். சென்னை ஐஐடியின் சிபிபிஐசிஎஸ் என்ற ஃபோட்டானிக் சிப் ஆய்வு மையமும் மலேசியாவின் சில்டெரா ஃபவுண்ட்ரியுடன் சேர்ந்து இந்த வழியில் இறங்கியிருக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை காத்திருப்பு. வடிவமைப்பு அடங்கிய ஜிடிஎஸ் கோப்பை அனுப்பிப் பல மாதம் கழித்துத்தான் சிப் வரும். இழையிலிருந்து சிப்புக்குள் ஒளியைச் செலுத்தும் ஒரு கிரேட்டிங் கப்ளரைத் தவறாக வைத்திருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும். ரகசிய ஒப்பந்தத்தால் செயல்முறை விவரங்களைக் கட்டுரையில் எழுத முடியாது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு வழி உண்டு, நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை. கனடாவின் அப்ளைடு நானோடூல்ஸ் போன்ற நிறுவனங்கள் பலருடைய வடிவமைப்புகளைச் சேர்த்து இ-பீமிலேயே எழுதித் தருகின்றன. டிடெக்டர் கிடைக்காது; ஆனால் அலைவழிப்பாதையும் அதைச் சூடாக்கி அலைநீளத்தை நகர்த்தும் ஹீட்டரும் போதும் என்றால், ஃபவுண்ட்ரியை விட மிக விரைவாகக் கையில் கிடைக்கும்.

உங்கள் கேள்வி பொருளைப் பற்றியது என்றால் தயங்காமல் கிளீன் ரூமுக்குப் போங்கள். பல பாகங்களை இணைத்த சுற்றைப் (சர்க்யூட்) பற்றியது என்றால் முதல் சிப்பை இந்த இடைவழியில் செய்து, அளக்கக் கற்றுக்கொண்டு, அதன் பிறகு ஃபவுண்ட்ரிக்கு அனுப்புங்கள். அந்த டேப்-அவுட் (இறுதி வடிவமைப்பை ஃபவுண்ட்ரிக்கு அனுப்புவது) இரண்டாம் ஆண்டுக்குள் முடிந்துவிட வேண்டும்; அப்போதுதான் ஃபவுண்ட்ரியிலிருந்து வரும் முதல் சிப் பிழையோடு வந்தாலும் இன்னொரு முறை அனுப்ப உதவித்தொகைக் காலம் மிஞ்சும்.